விவரணப் படம் முறைப்பாடே, தீர்ப்பன்று

கரடியனாற்றுச் சந்தியிலே படித்தவர் இருவர் கூடினாலும் சரி, களவெட்டியிலே கமக்காரர் நால்வர் கூடினாலும் சரி, பேச்சு ஒரு கட்டத்தில் அந்தப் படத்தை வந்து தொடாமற் போவதில்லை. 2023 செப்டம்பர் 5 ஆம் நாள், பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய விவரணப் படத்தையே குறிப்பிடுகிறோம். 2019 ஏப்ரல் 21 இல் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளுக்கும், ராஜபக்ஷ குடும்பம் மீண்டும் ஆட்சிக்கு வந்தமைக்கும் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டே அதன் உயிர்நாடி. கைப்பேசியின் சிறு திரையிலே அதனைக் கண்ட நம் மக்கள் கொதித்தனர், வாதாடினர், இன்றும் வாதாடுகின்றனர். அவ்வாதங்களைச் செவிமடுக்குந்தோறும் நமக்கு ஒரு கவலை எழுகின்றது. அதனை ஒளிக்காமற் சொல்லிவிடுவது நம் கடமை.

படம் சொல்வது யாது? தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சித் தலைவர் சிவநேசதுரை சந்திரகாந்தனுக்கு முன்னர் பேச்சாளராயிருந்த அசாத் மௌலானா, நாட்டை விட்டு வெளியேறிய பின் அதிலே தோன்றிப் பேசுகிறார். சஹ்ரான் குழுவினருக்கும் இராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் இடையே, 2018 இல் புத்தளப் பகுதியில் ஒரு சந்திப்பைத் தாமே ஒழுங்கு செய்ததாகக் கூறுகிறார். சலே அதனை மறுத்தார். அக்காலத்திலே தாம் நாட்டிலேயே இருக்கவில்லை என்றார். சந்திரகாந்தனும் மறுத்தார். கோட்டாபய ராஜபக்ஷவோ, தம் குடும்பத்தின் மீது பொழியப்பட்ட வசையே இப்படம் என்று அறிக்கை விடுத்தார்.

இஃது எங்கோ கொழும்பில் நடக்கும் அரசியற் பூசல் என்று கரடியனாறு ஒதுங்கியிருக்க முடியாது. அன்று நாடெங்கும் 260 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தோரிற் பலர், ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பச்சிளஞ் சிறார். வாவிக்கு அக்கரையிலே எழுந்த அந்த ஓலம் படுவான்கரை முழுவதும் கேட்டது. படத்திற் பேசுகின்றவர், பேசப்படுகின்றவர் ஆகிய இருவரின் அரசியலும் நம் மாவட்டத்திலேயே வளர்ந்தது. ஆகவே, இப்படம் நம் வீட்டைப் பற்றிய படம்.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? மூன்று வகையான எதிரொலிகளை நாம் கேட்டோம்.

முதல் வகையினர், “இதைத்தான் நாங்கள் அன்றே சொன்னோம்” என்றனர். அவர்களுக்குப் படம் முடிந்ததும் வழக்கும் முடிந்தது. இரண்டாம் வகையினர், “இஃது அந்நியச் சதி” என்றனர். அவர்களுக்குப் படம் தொடங்குமுன்பே வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. மூன்றாவது எதிரொலி இவ்விரண்டினும் ஆபத்தானது. குண்டுவெடிப்பின் பின்னர் பழியைச் சுமந்து நின்ற முஸ்லிம் மக்களிற் பலர், “குற்றம் எங்கள் சமூகத்தின் மீதன்று” என்று பெருமூச்சு விட்டபோது, நம்மவரிற் சிலர், “கொன்றவனைக் காப்பாற்றவே இப்படம்” என்று சீறினர். நம் கமக்காரரின் நெல்லை வாங்குவோரிலும், நமக்குத் துணியும் இரும்பும் விற்போரிலும் ஏறாவூர், காத்தான்குடி வணிகர் எத்தனை பேர்! 2019 இல் அறுந்த உறவு மெல்ல மெல்ல முடிச்சிடப்படும் வேளையிலே, ஒரு படத்தின் பேரால் அதனை மீண்டும் அறுப்பது யாருக்கு நன்மை? குண்டைச் சுமந்து சென்றவன் குற்றவாளி. அவனை ஏவியவன் எவனேனும் உளனாயின் அவனும் குற்றவாளி. அவர்கள் பிறந்த சமூகம் குற்றவாளி அன்று. சட்டமும் இதனையே சொல்லும்; அறமும் இதனையே சொல்லும்.

இனி, சட்டம் பயின்றோர் என்ற முறையிலே முதல் வகையினர்க்கு ஒன்று கூறுவோம். ஒரு விவரணப் படம் முறைப்பாடே அன்றித் தீர்ப்பன்று. அதிலே பேசுபவர் சத்தியம் செய்து பேசுவதில்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்வார் எவரும் இல்லை. எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்பதைப் படம் எடுப்போரே முடிவு செய்கின்றனர். பட்டியிலிருந்து ஒரு மாடு காணாமற் போனால் நம் கமக்காரர் என்ன செய்கின்றார்? முதலில் வந்து “என் மாடு” என்று சொன்னவனிடம் கயிற்றைக் கொடுத்துவிடுகிறாரா? குறியைப் பார்க்கிறார், காதுவெட்டைப் பார்க்கிறார், அயற்பட்டிக்காரரை அழைத்துக் கேட்கிறார். ஒரு மாட்டுக்கு இத்தனை விசாரணை வேண்டுமாயின், 260 உயிர்களுக்கு எத்தனை விசாரணை வேண்டும்?

விசாரணையின்றி முடிவு கட்டினால் என்ன நேரும் என்பதைப் படுவான்கரை நன்கறியும். 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவுச் சோதனைச் சாவடியிலே பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். உடனே பழி எவர்மீது விழுந்தது? முன்னாள் போராளிகள்மீது! அவர்களில் ஒருவர் மாதக்கணக்கிலே அடைத்து வைக்கப்பட்டார். 2019 ஏப்ரலின் பின்னரே அக்கொலையைச் செய்தது சஹ்ரான் குழு என்று வெளிப்பட்டது, அவரும் விடுவிக்கப்பட்டார். பிழையான மனிதரைச் சிறையிலிட்ட அந்த மாதங்களிலே உண்மைக் கொலைஞர் வெளியே நடமாடினர். அவர்கள் அன்றே பிடிபட்டிருப்பின் சீயோனின் சிறார் இன்று நம்மிடையே வளர்ந்து நின்றிருக்கக் கூடுமன்றோ? அவசரத் தீர்ப்பு ஒரு நிரபராதியை மட்டுமா வருத்துகிறது? அடுத்த கொலைக்கும் அது வாயிலைத் திறந்து விடுகின்றது.

“சதி” என்று கூறுவோர்க்கும் ஒன்று கூறுவோம். 2011 இல் இதே சனல் 4, போரின் இறுதி நாட்களைப் பற்றி ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ என்ற படத்தை ஒளிபரப்பியபோதும் இச்சொல்லையே கேட்டோம். முறைப்பாட்டை மெய்ப்பிக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது உண்மை. முறைப்பாட்டை விசாரிக்காமல் கிழித்தெறியக் கூடாது என்பதும் அதே அளவு உண்மை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை சுதந்திரமான சர்வதேச விசாரணை கேட்டார். அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையிலே மூவர் குழுவை நியமித்தார். குழு கேட்கலாம், எழுதலாம், தண்டிக்க முடியாது. நீதிமன்றம் முன்வந்தபோது நிகழ்ந்ததையும் நினைவு கொள்வோம்: 2023 ஜனவரி 12 அன்று, தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. தவறியவர் யார் என்பதற்கு விடை கிடைத்தது. ஏவியவர் எவரும் உண்டா என்பதற்கே விடை வேண்டும்.

நம் மனச்சாட்சியையும் சற்றுத் தட்டிப் பார்ப்போம். யோசேப்பு பரராஜசிங்கம் அவர்கள் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கிலே விளக்கமறியலில் இருந்தவாறே சந்திரகாந்தன் 2020 பொதுத் தேர்தலிற் போட்டியிட்டு, ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளுடன் பாராளுமன்றம் சென்றார். 2021 ஜனவரியிலே சட்டமா அதிபர் வழக்கைத் தொடராது விட்டமையால் அவர் விடுவிக்கப்பட்டார். அப்பெருந்தொகை வாக்குகளை அளித்தவர் யார்? நாமே! வாக்களித்தது பிழை என்று நாம் இடித்துரைக்கவில்லை. சட்டத்தின் முன் அவர் குற்றவாளியும் அல்லர். ஆயினும் தெற்கின் ஒரு குடும்பத்தை நோக்கி விரல் நீட்டும்போது, அக்குடும்பத்தின் ஆட்சிக்கு நம் மாவட்டம் கொடுத்த தோளையும் மறந்துவிடக் கூடாது.

2025 ஏப்ரல் 8 அன்று, பேராசிரியர் ரவீந்திரநாத் 2006 இலே கடத்தப்பட்டுக் காணாமற் போனமை தொடர்பாகச் சந்திரகாந்தன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். நம்மவர் சிலர் கைகொட்டினர். நாம் கொட்டவில்லை. பொலிஸ் அதிகாரியின் முன் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக்கும் அச்சட்டம், 1979 முதல் நம் இளைஞரை எவ்வாறு தின்றது என்பதை எந்தத் தாய் மறந்தாள்? நமக்குப் பிடிக்காதவர்மீது பாயும்போது மட்டும் அது நல்ல சட்டமாகிவிடுமா? ஆட்கடத்தலும் கொலையும் இந்நாட்டின் சாதாரணச் சட்டத்திலேயே குற்றங்கள். அச்சட்டத்தின் கீழ், திறந்த நீதிமன்றிலே, சாட்சிகளுக்குப் பாதுகாப்பளித்து, எதிரிக்கும் வழக்கறிஞரை அளித்து விசாரித்துப் பெறும் தீர்ப்பே நிலைக்கும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. அசாத் மௌலானாவின் கூற்று, குறுக்கு விசாரணைக்கு உட்படும் சாட்சியமாக ஒரு சுதந்திரமான விசாரணை மன்றின் முன் பதிவாகட்டும். அரசுக்கு ஆலோசனை கூறும் சட்டமா அதிபரின் கையிலே அரசாண்டவர்மீதான வழக்கையும் ஒப்படைக்காது, தனித்த வழக்குத் தொடுநர் ஒருவர் அதனை நடத்தட்டும். சீயோனில் மாண்ட சிறாருக்கும், பரராஜசிங்கத்துக்கும், பேராசிரியருக்கும் ஒரே அளவுகோலால் நீதி அளக்கப்படட்டும்.

வைகாசி பிறந்தால் நம் ஊர்களிலே கண்ணகி அம்மன் சடங்கு. வழக்குரை காவியம் பாடாத கோயில் உண்டோ? ஒருவனுடைய சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்பளித்த பாண்டியன் என்னவானான் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். ஆனால் நாம் வணங்கும் தெய்வம் அரசவைக்கு வெறுங்கையோடு போகவில்லை. சிலம்பை ஏந்திச் சென்று, அதனை உடைத்து, உள்ளிருந்த பரலைக் காட்டினாள். சான்றைக் காட்டி வழக்குரைத்தவளைத் தெய்வமாகக் கொண்ட மக்கள், படம் பார்த்த மாத்திரத்தே தீர்ப்பெழுதுவதா? படத்தைப் புறங்கையால் ஒதுக்கித் தள்ளுவதா? இரண்டும் வேண்டா. சிலம்பு உடைக்கப்படட்டும், உள்ளிருக்கும் பரல் எதுவாயினும் அதனை ஏற்கும் துணிவு நமக்கு வரட்டும்!