போர்டிகோ இறங்குவது இயல்பா?

செஞ்சியில் புது வீடு கட்டியவர்களிடம் முன்வாசல் தளம் இறங்கியிருப்பதைச் சொல்லிப் பாருங்கள். "புது வீடுன்னா ரெண்டு மழைக்கு உட்காரத்தான் செய்யும்" என்பார்கள். எங்கள் மேஸ்திரியும் அப்படித்தான் சொன்னார். "பயப்படாதீங்க சார், மேல ஒரு கோட்டு போட்டுட்டா சரியாயிடும்." அந்தப் பேச்சை நம்பி இரண்டு மழைக்காலத்தைக் கழித்தேன். அதில் ஒரு சொல்கூட நிற்காது என்று இப்போது தெரிகிறது.

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். காலையில் போர்டிகோவைக் கழுவிவிட்டால் தண்ணீர் தெருப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது திரும்பி நிலைப்படிக்கு வந்து தேங்கியது. "டேய், தண்ணி உள்ள வருதுடா" என்று கூப்பிட்டார். குனிந்து பார்த்தால் வாசற்படிக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டிய மழை அது. அதற்குப் பிறகு என் சுண்டுவிரல் அந்த வெடிப்புக்குள் போனது.

வீடு உட்காரும் என்கிறார்கள். அப்படியானால் வீடு முழுக்க அல்லவா உட்கார வேண்டும்? எங்கள் சுவரில் ஒரு கீறல் இல்லை, கதவு எதுவும் பிடிக்கவில்லை. சுவரும் தூணும் ஐந்தடி ஆழத்தில் கெட்டி மண்ணில் நிற்கின்றன. போர்டிகோ தளமோ பேஸ்மென்ட்டுக்குள் கொட்டிய நிரப்பு மண்ணின் மேல் படுத்திருக்கிறது. குழி தோண்டிய மண்ணை அதே குழியில் திரும்பக் கொட்டினால் மேடு கட்டி மிஞ்சும். மிஞ்சுவது மண்ணுக்குள் புகுந்த காற்றின் இடம். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு, திமிசு போட்டு அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டியது கட்டுகிறவர் வேலை. அவர் விட்டுவைத்ததை மழை செய்கிறது. தலைமுடி அளவு கீறல் என்றால் கான்கிரீட் காயும்போது வருவதுதான், அதை விட்டுவிடலாம். ஒரு பக்கம் உயரமும் மறுபக்கம் பள்ளமுமாக நிற்கும் வெடிப்பு வேறு வகை.

"செஞ்சி பாறை பூமி, இங்க எது இறங்கும்?" என்பது இன்னொரு வாதம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் பாறைதான். ஆனால் நம் மனைகள் மலைமேல் இல்லை. மலைகளுக்கு நடுவில், நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தைப் பிரித்து விற்ற நகர்களில் இருக்கின்றன. அதுவும் போகட்டும். அடியில் பாறையே இருந்தாலும் அதற்கு மேல் மூன்றடிக்குக் கொட்டிய மண் தளர்வாக இருந்தால் தளம் இறங்கும். பாறை அந்த மண்ணை இறுக்கிக் கொடுக்காது.

கோட்டையைக் காட்டி, "அந்தக் காலத்துக் கட்டடம் பாரு, இந்தக் காலத்துச் சிமெண்ட் பாரு" என்று பெரியவர்கள் வருந்துவார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்கிய கோட்டை, 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் மலைமேல் அந்த மதில்கள் பாறையிலேயே எழும்பியவை, அடியில் நிரப்பு மண் கிடையாது. என் போர்டிகோவில் சிமெண்ட் குற்றம் செய்யவில்லை. அடியில் ஆதரவு போன பிறகும் நான்கு அங்குலத் தளம் அத்தனை நாள் பிடித்து நின்றதே பெரிது.

கடைசி வாதம்தான் பணத்தைத் தின்பது: மேலே பூசினால் போதும் என்பது. கணக்குப் போடுவோம். பத்துக்குப் பத்து அடித் தளத்தில் இரண்டு அங்குலம் கான்கிரீட் ஏற்றினால் ஒரு டன்னுக்கு மேல் எடை. தளர்ந்த மண்ணின் தலையில் அதை வைத்தால் மண் இன்னும் அமுங்கும். 1173இல் தொடங்கிய பைசா கோபுரம் சாய ஆரம்பித்தபோது, மேல் மாடிகளைத் தாழ்ந்த பக்கம் சற்று உயர்த்திக் கட்டிச் சமன் செய்யப் பார்த்தார்கள். சாய்வு கூடிக்கொண்டே போனது. 1990இல் கோபுரத்தை மூடி, உயர்ந்த பக்கத்தின் அடியிலிருந்து மண்ணை எடுத்த பிறகுதான் அது நிமிர்ந்து கொடுத்தது, 2001இல் திறந்தார்கள். அமெரிக்காவில் தளத்தில் துளை போட்டுச் சிமெண்ட் கூழையோ நுரையையோ செலுத்தித் தூக்குகிறார்கள். அங்கும் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் தளம் மறுபடி இறங்கும்.

நாங்கள் கம்பியால் தட்டிப் பார்த்தோம். பாதித் தளம் பானை போல ஒலித்தது. உடைத்தபோது அடியில் ஒரு சாண் வெற்றிடம். அதற்குக் கீழே சம்புக்குத் தோண்டிய மண், செங்கல் துண்டு, மக்கிப்போன சிமெண்ட் சாக்கு. மொட்டை மாடி மழைநீர்க் குழாய் சரியாக அந்த மூலையில் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு நனைத்து இறுக்கினோம். நாலடிக்கு ஓர் அங்குலம் தெருப்பக்கம் வாட்டம் வைத்துப் புதுத் தளம் போட்டோம். குழாயைத் தொலைவில் இருக்கும் மழைநீர்க் குழிக்கு நீட்டினோம். தளமும் சுவரும் சேரும் இடத்தில் கலவை வைக்காமல், இளகிக் கொடுக்கும் சீலண்ட் வைத்தோம். எங்கள் போர்டிகோவில் தூண் இல்லை. உங்கள் தளத்தின் மேல் கூரையைத் தாங்கும் தூண் நின்றால் உடைக்கும் முன் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்களா? கான்கிரீட் போடும் நாளுக்கு எல்லோரும் லீவு எடுக்கிறோம். பேஸ்மென்ட்டில் மண் கொட்டும் நாளுக்கு லீவு எடுங்கள். டிராக்டர் வந்து சாய்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அரையடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்ட விடாதீர்கள்.