கண்டு வியந்தால் கடை வாழுமா?

இங்கிலாந்தில் வாழும் பிள்ளைகளைக் காணச் சென்று திரும்பும் நம்மவர் பலரும் இந்நாளில் ஒரு புதிய புகழுரையுடன் வருகின்றனர். முன்பு கோட்டைகளையும் ஏரிகளையும் பற்றிப் பேசியவர்கள், இன்று, "அங்கே சிற்றூர்களில் எத்தனை அழகான புத்தகக் கடைகள்!" என்று வியக்கின்றனர். கணப்பு எரியும் அறை, சாய்வு நாற்காலி, கூரையைத் தொடும் நூலடுக்கு என்று படங்கள் கைப்பேசியில் வரிசையாக வருகின்றன. "என்ன நூல் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் மட்டும் விடை ஒரு புன்சிரிப்புத்தான். அந்தப் புன்சிரிப்பின்மீதுதான் என் வழக்கு. ஒரு புத்தகக் கடையை அழகு என்று சொல்லிவிட்டு வெறுங்கையுடன் வெளியேறுவது பாராட்டு ஆகாது. அக்கடை மூடப்படும் நாளை விரைவுபடுத்தும் செயலே அது.

நான் கண்ட பகுதி, ஸ்காட்லாந்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் நார்தம்பர்லாந்து மாவட்டம். இங்கிலாந்தின் மாவட்டங்களுள் மக்கள் நெருக்கம் மிகக் குறைந்தது அதுவே. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 3,20,000 பேர். நம் பெருநகரங்களில் ஒரு வட்டாரத்துக்கே இத்தொகை உண்டு. ஆயினும் ஹெக்சாம் என்னும் ஊரில், கி.பி. 674 அளவில் தோன்றிய மடாலயத்துக்கு அருகில், 'கொஜிட்டோ' என்ற புத்தகக் கடை நடக்கிறது. அங்கிருந்து நான்கு மைல் தொலைவில், உரோமானியர் நாளில் நகராய் விளங்கிய கார்பிரிட்ஜில், பழைய சிற்றாலயம் ஒன்றில் 'ஃபோரம்' கடை நடக்கிறது.

இவற்றினும் புகழ் பெற்றது ஆனிக் நகரத்துக் கடை. 1887இல் கட்டிய இரயில் நிலையம் அது. 1968இல் பயணியர் வண்டி நின்றது. வண்டி போன இடத்தில் 1991இல் மேரி மேன்லி என்ற அம்மையார் பழைய நூல்களை விற்கும் கடையைத் தொடங்கினார். கணவரின் தொழிற்கூடம் அக்கட்டடத்தின் ஒரு பகுதியில் இருந்தது வாய்ப்பாயிற்று. இன்று பழைய காத்திருப்பு அறையில் கணப்பு எரிகிறது. அலமாரிகளின் தலைக்குமேல் பொம்மை இரயில் ஓடுகிறது. படம் பிடிப்போர்க்கு இவை போதும். ஆனால் கடையின் பெயர்ப்பலகையை ஒரு கணம் நின்று படித்திருந்தால் அவர்களுக்கு வேறொன்று விளங்கியிருக்கும். கடையின் பெயர் 'பார்ட்டர் புக்ஸ்'. பார்ட்டர் என்றால் பண்டமாற்று. நீங்கள் படித்து முடித்த நூலைக் கொண்டு செல்லலாம். கடைக்கு ஏற்றதாயின் அதற்குரிய மதிப்பை உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். அவ்வரவைக் கொண்டு வேறு நூல் எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவனுக்கே எடுக்கும் உரிமை என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. நாமோ கொடாமல் எடுத்தோம், படங்களை!

அக்கடையிலிருந்து உலகமே இப்படி ஒன்றை எடுத்துக்கொண்ட கதையும் உண்டு. 1939இல் பிரித்தானிய அரசு, போர்க்காலத்தில் மக்கள் மனம் கலங்காதிருக்க, அமைதி காத்துக் கடமையைத் தொடருமாறு கூறும் சுவரொட்டி ஒன்றை இருபது இலட்சத்துக்கும் மேலாக அச்சிட்டது. பெரும்பாலானவை ஒட்டப்படாமலே கூழாயின. 2000ஆம் ஆண்டில், ஏலத்தில் வாங்கிய பழைய புத்தகப் பெட்டி ஒன்றில் அதன் படி ஒன்று ஆனிக் கடைக்குக் கிடைத்தது. சட்டமிட்டு மாட்டினார்கள், கேட்டவர்களுக்காகப் படி அச்சிட்டார்கள். பின்னர் அந்த வாசகம் கோப்பையிலும் சட்டையிலும் ஏறி உலகைச் சுற்றியது. வாசகத்தை அறியாதார் இல்லை. அதை மீட்டெடுத்த புத்தகக் கடையை அறிந்தவர் எத்தனை பேர்?

"கடைகள் அங்கே செழிப்பாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். பிரித்தானிய, அயர்லாந்துப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் கணக்கில், 1995இல் ஏறத்தாழ 1,900 தனிக்கடைகள் இருந்தன. 2016இல் எஞ்சியவை 867. இருபதே ஆண்டுகளில் பாதிக்கு மேல் மறைந்தன. அவையெல்லாம் அழகற்ற கடைகளா? அல்ல. 1900 முதல் அந்நாட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பதிப்பாளர் குறித்த விலைக்குக் குறைவாக எந்தக் கடையும் புதிய நூலை விற்கக் கூடாது என்பதே அது. 1962இல் நீதிமன்றமும் அது பொதுநலனுக்கு உகந்தது என்று ஏற்றது. 1995இல் பெரிய பதிப்பகங்கள் விலகவே அது சரிந்தது; 1997இல் சட்டத்துக்கு மாறானது என்றே தீர்ப்பாயிற்று.

"விலை குறைந்தால் வாசகனுக்கு நன்மையன்றோ?" என்பது அடுத்த வினா. நேர்மையான வினாதான். வசதியற்ற மாணவனுக்குக் குறைந்த விலை பெருந்துணை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த நூலின் விலை குறைந்தது என்பதையும் பார்க்கவேண்டும். விரைவாக விற்கும் நூல்களின் விலைதான் வீழ்ந்தது. அவற்றை மளிகைப் பேரங்காடிகள் பாலுடனும் ரொட்டியுடனும் அடுக்கி விற்றன. பின்னர் இணைய வணிகமும் சேர்ந்துகொண்டது. சிறு கடைக்காரரோ, ஓடும் நூலில் வந்த இலாபத்தைக் கொண்டே, ஆண்டுக்கு ஒருவர் மட்டும் கேட்கும் கவிதை நூலையும் உள்ளூர் வரலாற்றையும் அலமாரியில் வைத்திருந்தார். ஓடும் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனபின் வண்டியை அழகு என்று புகழ்ந்து பயன் என்ன? பிரான்சு 1981இலும் ஜெர்மனி 2002இலும் நூல் விலையைச் சட்டத்தால் காத்தமைக்குக் காரணம் இதுவே.

2022இல் தனிக்கடைகளின் எண்ணிக்கை 1,072 ஆக உயர்ந்தது. அந்த உயர்வு, சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் தம் ஊர்க் கடையிலேயே வாங்குவோம் என்று முடிவு செய்த உள்ளூர் மக்களால் வந்தது. வேடிக்கை பார்க்கப் போன நம்மால் வந்ததன்று.

பிறரைக் குறை கூறும் நான் குற்றமற்றவனல்லன். அம்மாவட்டத்துச் சிறு கடை ஒன்றில் என் பேத்திக்குப் பறவைகள் பற்றிய நூல் கேட்டேன். கடைக்கார அம்மையார் மூன்று நூல்களை எடுத்து மேசையில் விரித்தார். 1753இல் அம்மண்ணில் பிறந்து, மரக்கட்டையில் பறவைகளை உயிரோடு செதுக்கிய தாமஸ் பியூயிக் பற்றிக் கால்மணி நேரம் சொன்னார். எந்த நூலில் படங்கள் தெளிவு, எது சிறுமிக்கு ஏற்றது என்று விளக்கினார். நான் நன்றி கூறி வெளியே வந்து, பேருந்தில் அமர்ந்து, அதே நூலைக் கைப்பேசி வழியே வரவழைத்தேன். மிச்சம் மூன்று பவுன். மறுநாள் உறையைப் பிரித்த பேத்தி, "தாத்தா, இது அந்தக் கடையிலேயே இருந்ததே, ஏன் அங்கே வாங்கவில்லை?" என்றாள். விலையைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையாரின் கால்மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை நான் கொடுக்கவில்லை. அன்று நான் செய்ததற்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

ஆகவே, அங்குச் செல்லும் அன்பர்களே, படம் எடுங்கள். வேண்டாம் என்பவர் எவருமில்லை. ஆனால் ஒரு நூலேனும் வாங்கி, அதன்பின் எடுங்கள். தேடியது இல்லையாயின் அக்கடை வழியாகவே வரவழையுங்கள். அங்குக் குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள்.

இவ்வாறு சொல்லும்போது நம் சங்க விழாக்களும் நினைவுக்கு வருகின்றன. தமிழகத்திலிருந்து கட்டுக்கட்டாக நூல்களைச் சுமந்து வந்து மண்டப வாயிலில் மேசை போடுபவரை நாம் அறிவோம். நின்று புரட்டி, "அருமையான பணி" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுச் சிற்றுண்டி வரிசைக்கு நகர்கிறோம். இரவில் அவர் பிரித்த கட்டுகளையே மறுபடி கட்டுகிறார். இந்த ஆண்டு அவருடைய கட்டு சற்றேனும் இளைத்துத் திரும்பட்டும்.