கொட்டான் போகும், ஊறுகாய் போகாது

நவராத்திரி வந்தால் மகளிர் குழுக்களுக்குக் கொஞ்சம் யாவாரம் உண்டு. போன புரட்டாசியில் நரிக்குடிப் பக்கத்தில் எங்கள் சேரிப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து திருவிழாக் கடை போட்டார்கள். இரண்டு மேசை. ஒன்றில் பனையோலைக் கொட்டான், கடகம், விசிறி. இன்னொன்றில் எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய். ஓலைச் சாமான் முதல் நாளே தீர்ந்துபோனது. நாற்பது பாட்டில் ஊறுகாயில் முப்பத்தாறு வீடு திரும்பியது. போன நாலும் நம்மாட்கள் வாங்கியது.

ருசி சரியில்லையா? யாரும் ருசியே பார்க்கவில்லை. ஒரு அம்மா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கீங்க, நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டது. பதில் வந்ததும் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டது. அதே அம்மா பேரம் பேசாமல் ரெண்டு கொட்டான் வாங்கிக்கொண்டு போனது.

நான் கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கி எழுத்தன். இந்தக் குழுவின் கடன் தவணை என் கவுண்டரில்தான் கட்டப்படுகிறது. ஆகவே இது எனக்குக் கவிதைக்கான சமாச்சாரம் மட்டும் இல்லை, கணக்கும்கூட.

ஓலையைக் கிழித்து முடைந்த கையும் எலுமிச்சையைப் பிழிந்த கையும் ஒரே கைதான். காய்ந்த சாமான் போகிறது, உப்பும் எண்ணெயும் பட்டது போகவில்லை. இந்தக் கரிசக்காட்டில் மிளகாய்ப் பழம் பறிப்பது, களத்தில் பரப்பிப் புரட்டுவது, காம்பு கிள்ளுவது எல்லாம் பெரும்பாலும் நம் பெண்கள். 2023இல் இராமநாதபுரம் முண்டு வத்தலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோசம். வத்தலாக இருக்கும்வரை அது எவர் வீட்டு அடுப்படிக்கும் போகும். அதே வத்தலை அரைத்து நாம் ஊறுகாயில் போட்டுவிட்டால் அது தெருவைத் தாண்டாது.

காய்ந்தது என்றால் எல்லாம் போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. மாட்டுக்கறியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டம் நம் பாட்டிமார் பஞ்ச காலத்துக்குச் சேர்த்துவைத்த பண்டம். அதை மேசையில் வைக்கலாமா என்று குழுவில் யாரும் கேட்கக்கூட இல்லை. எது பண்டம், எது தீட்டு என்ற தீர்ப்பைக் கடை போடும் முன்பே நாமே நம் மேல் எழுதிக்கொள்கிறோம்.

இது நரிக்குடியின் தனிக்கதை இல்லை. 2018இல் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் முதலில் மாற்றியது அந்தப் பெண்ணைத்தான். போராட்டத்துக்குப் பிறகே உத்தரவு ரத்தானது. 2023 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்திலும் இதே கதை, தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் பிறகு அந்தக் குளத்தில் மாட்டு மூத்திரமும் சாணியும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். அன்றைக்குத் தண்ணீர். இன்றைக்கு உப்புமாவும் ஊறுகாயும்.

இதற்கு அதிகாரிகள் கைவசம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாக் குழுவின் சரக்குக்கும் பொதுவாக ஒரே பெயர், ஒரே லேபிள். தெரு தெரியாது, சரக்கு போய்விடும். ஆனால் பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். முகவரியில் 'காலனி' என்று இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனாலும் "எந்தத் தெரு?" என்று கேட்கிற வாயை எந்த அரசாணையால் மூடுவது?

பெயரை மறைப்பது எனக்குப் புதிது இல்லை, சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா போட்ட ஊறுகாயை ஒரு கம்பெனி பாட்டிலில் அடைத்துத்தான் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனேன். உடன் வேலை செய்தவர்கள் நக்கி நக்கித் தின்றார்கள். "எந்தக் கடையில வாங்குனது?" என்று கேட்டார்கள். கடைப் பெயர் சொன்னேன். அன்றைக்கு என் அம்மாவின் கையை நானே தீண்டத்தகாததாக்கினேன்.

2016இல் தில்லியில் சந்திரபான் பிரசாத், 'தலித் ஃபுட்ஸ்' என்று நேரடியாகப் பெயர் வைத்தே மாங்காய் ஊறுகாயும் மஞ்சள்தூளும் விற்கத் தொடங்கினார். இதைக் குழுவில் சொன்னேன். தலைவி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "பேரை எழுதி வித்துப் பாருன்னு நீ லேசாச் சொல்லிப்புடுவ தம்பி. விக்காட்டி தவணைய நீயா கட்டுவ?"

என்னிடம் பதில் இல்லை. சுயமரியாதையின் வட்டியை எப்போதும் ஏழைப் பெண்தான் கட்ட வேண்டுமா? ஆகவே அந்தப் பெண்களைப் பார்த்து "பெயரை மறைக்காதே" என்று நான் புத்தி சொல்ல மாட்டேன். பாரத்தை வாங்குகிற கை மேல்தான் வைக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்கிறது. ஆனால் ஊறுகாய் வாங்காத அம்மாவை எந்தச் சட்டத்திலும் பிடிக்க முடியாது. அரசைப் பிடிக்கலாம். எல்லா மாணவர் விடுதிகளுக்கும் மருத்துவமனைச் சமையலறைகளுக்கும் ஊறுகாயும் பொடியும் நம் குழுக்களிடம், குழுவின் பெயரோடு, கொள்முதல் செய்யச் சொல்ல வேண்டும். தெருவாரியாக, அதாவது சாதிவாரியாகக் குழு கட்டுகிற வழக்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். தோழர்களே, நம் மாநாட்டுப் பந்தியில் வைக்கிற ஊறுகாய் எங்கே வாங்கியது? கம்பெனி பாக்கெட்தானே? பறையர் தெருவிலும் பள்ளர் தெருவிலும் அருந்ததியர் வீட்டு வெஞ்சனத்தை எத்தனை பேர் கூசாமல் தொட்டுக்கொள்கிறோம்? இதற்குப் பதில் சொல்லாமல் அந்த அம்மாவைத் திட்ட நமக்கு யோக்கியதை இல்லை.

மிஞ்சிய முப்பத்தாறில் ஒன்றை நான் வங்கிக்குக் கொண்டுபோனேன். இந்த முறை குழுவின் பெயரும் தெருவும் எழுதிய பாட்டில். மதியம் நடுவில் வைத்து, "எங்க தெருவுல போட்டது" என்றேன். இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேருக்கு அன்றைக்கென்று ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. மறுநாளும் அதே பாட்டிலை வைத்தேன்.

தவணை தேதி பத்து. இன்னும் முப்பத்தைந்து பாட்டில் இருக்கிறது.