மகன் கையில் வண்டிச் சாவி... இன்சூரன்ஸ் காப்பாத்துமா?

"வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் கட்டியாச்சே, பையன் ஓட்டினா என்ன?" பல வீடுகளில் அப்பாக்கள் சொல்லும் பேச்சு இது. ஸ்கூல் விடும் நேரம் ரோட்டில் நின்று பாருங்கள். மீசை முளைக்காத பையன்கள் அப்பாவின் வண்டியில் மூணு பேராகப் பறக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். ஆனால் விபத்து நடந்தால் கம்பெனி கேட்பது ஓட்டியவரின் லைசென்சை. காருக்கும் பைக்குக்கும் 18 வயது முடியணும். 16 வயதில் கிடைப்பது 50 சிசி வரையுள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இப்போ விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல். அந்த லைசென்சை வாங்கி எதை ஓட்டுவது?

லைசென்ஸ் இல்லாத பையன் யார் மேலாவது மோதிவிட்டால் சொந்த வண்டி ரிப்பேருக்கு கிளைம் கிடைக்காது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு? கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு அதை வண்டி ஓனரிடம் வசூலிக்கலாம் என்று 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியது. கடைசியில் பணம் போவது அப்பா பாக்கெட்டில் இருந்துதான். உயிர்ப்பலி என்றால் லட்சக்கணக்கில் போகும். தினக்கூலிக்காரர் வீட்டை விற்றாலும் அடையுமா?

அதோடு முடியவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில், சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது ஓனருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். ஆர்.சி. 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயது சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி 2 ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்களே, அதில் அப்பாவும் கைதானார். கோடீஸ்வரருக்கே அந்த கதி.

சரி, பையனுக்கு 18 ஆகி லைசென்சும் வந்துவிட்டது. பாலிசியில் அவன் பேரைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் விபத்து காப்பீடு ஓனருக்கு மட்டும்தான். ஆர்.சி. அப்பா பேரில் இருந்து, ஓட்டிய மகன் இறந்தால் அந்தப் பணம் வராது. மகனுக்குத் தனியாக விபத்து பாலிசி போட்டுக்கணும்.

எல்.எல்.ஆர். வைத்து கார் பழகுபவர் என்றால் முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுதணும், பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்கணும். இல்லாவிட்டால் கிளைம் சிக்கல்தான்.