எந்தப் பள்ளிக்கூடம்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் திண்டுக்கல் ரத வீதிகளில் நடப்போர் காதில் ஒரே பேச்சுத்தான் விழுகிறது. “பையனை எங்கே சேர்க்கப் போகிறீர்கள்?” என்பதே அது. வக்கீல், வியாபாரி, உத்தியோகஸ்தர் எல்லோருக்கும் இதே கவலை. மலைமேல் கொடைக்கானலில் விடுதியில் விடுவதா, ஊரிலேயே மத்திய போர்டுப் பள்ளியில் சேர்ப்பதா, மெட்ரிகுலேஷன் போதுமா என்று தூக்கமின்றி யோசிக்கிறார்கள். தெருக்கோடியிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

பெற்றோரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. இங்கிலீஷ் படித்து, சட்டம் பயின்று, அதனால் பிழைத்தவர்களே நாமும். அந்தப் பாஷை ஆகாது என்று பிறர் பிள்ளைகளுக்கு உபதேசிக்க நமக்கு யோக்கியதை இல்லை. சர்க்கார் பள்ளிகளில் குறையே இல்லையென்றும் நாம் சாதிக்கவில்லை. சில இடங்களில் உபாத்தியாயர் போதாது; சில இடங்களில் கக்கூஸ் சுத்தமில்லை. ஆனால், பெரும் பணம் கொடுத்து நாம் வாங்குவது என்ன என்பதை ஒரு முறையேனும் யோசித்துப் பார்க்க வேண்டாமா?

நல்ல பாடத்தையே வாங்குவதாக எல்லோரும் சொல்லுகிறார்கள். நம் மாநிலத்தில் முன்பு ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என்று நால்வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-ல் சட்டம் செய்து அவற்றை ஒன்றாக்கினார்கள். எதிர்த்து வழக்குகள் நடந்தன. 2011 ஆகஸ்டு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பொதுப் பாடத்திட்டத்தையே நடத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பிறகு நடந்தது என்ன? கூலிக்காரன் மகனும் முதலாளி மகனும் ஒரே புத்தகத்தைப் படிக்கும் நிலை வந்ததும், வசதியுள்ளவர்கள் மத்திய போர்டுப் பள்ளிகளை நாடினார்கள். பல பள்ளிகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஆகவே, பாடத்தைவிடப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை யார் என்பதற்கே அதிக விலை கொடுக்கிறோம் என்று சொன்னால் தவறாகுமா?

கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். அதுவே இன்று சர்வதேசப் பள்ளியாக விளங்குகிறது. தாய்நாட்டை விட்டு வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் தேசத்து முறைப்படி வளர்க்க விரும்பியது இயற்கையே. சொந்த நாட்டிலேயே வாழும் நமக்கு அந்தத் தேவை எப்படி வந்தது?

அதே ஜில்லாவின் சமவெளியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், காந்திகிராமம் இருக்கிறது. தாய்மொழியில் கைத்தொழிலோடு கூடிய ஏழு வருஷ இலவசக் கல்வி என்ற திட்டத்தை 1937 அக்டோபரில் வார்தா மகாநாடு ஏற்றுக்கொண்டது. அந்த லட்சியத்தில் ஊன்றி 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். ஜயந்தி தினத்தில் காந்தியடிகள் படத்துக்கு மாலையிடும் நம் பொதுஜன ஊழியர்களில் எத்தனை பேர் தம் பிள்ளைகள் விஷயத்தில் அந்த லட்சியத்தை நினைக்கிறார்கள்?

எல்லார்க்கும் பொதுவான பள்ளி வேண்டுமென்று 1966-லேயே கோத்தாரி கமிஷன் சொல்லியிருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அந்தத் திசையில் சில படிகள் வைத்தது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு 2014-ல் கிடைத்த விலக்கு நீங்கலாக, தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழை எளிய குழந்தைகளுக்குத் தர வேண்டும். சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சித்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. சர்க்கார் பள்ளிகளில் நிர்வாகக் கமிட்டி அமைக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் ஸ்திரீகள். கலெக்டருக்கு மனு எழுதத் தெரிந்தவனும் பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்தவனும் தன் பிள்ளையை வெளியே கொண்டுபோன பிறகு, அந்தக் கமிட்டியில் உட்காருவது யார்? அன்றாடக் கூலிக்குப் போகும் தாய். ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி அவளுக்கு நஷ்டம். பள்ளியின் ஓடு ஒழுகினால் கேட்க வேண்டிய பொறுப்பையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டு, “சர்க்கார் பள்ளி உருப்படாது” என்று நாம் பேசித் திரிகிறோம்.

உத்தியோகஸ்தர் பிள்ளைகள் சர்க்கார் பள்ளியிலேயே படிக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென்று 2015-ல் அலகாபாத் ஹைகோர்ட் உத்தரவிட்டது. கட்டாயத்தினால் இக்காரியம் கைகூடுமென்று நமக்கு நம்பிக்கையில்லை. மனமுவந்து செய்ய வேண்டிய காரியம் இது. தேசத் தொண்டரே முதலில் செய்ய வேண்டும்.

எனவே நமது வேண்டுகோள் சிறியது. பெரிய பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன், சொந்தத் தெருவின் பள்ளிக்கு ஒரு நாள் காலையில் போங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உபாத்தியாயர் எத்தனை பேர், குழந்தைகள் பிழையின்றி வாசிக்கிறார்களா என்று பாருங்கள். திருப்தியானால் பிள்ளையைச் சேர்த்துக் கமிட்டியிலும் சேருங்கள். திருப்தியில்லையானால் வேறிடத்தில் சேருங்கள். ஆனால் கண்ட குறைகளை எழுதி, தீரும்வரை போராடுங்கள். பணம் கட்டும் பள்ளியிலும் அந்த 25 இடங்கள் யாருக்குப் போயின என்று கேளுங்கள். இவ்வளவும் செய்யாமல் கல்வியைப் பற்றி மேடையேறிப் பிரசங்கம் செய்ய நமக்கு உரிமையில்லை.