முதலில் மொட்டை மாடி, பிறகு பேனல்

மே மாதத்திலும் பாலவாக்கத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நுங்கம்பாக்கத்தில் அனல் பறக்கும் மத்தியான வேளையில் இங்கே கடற்காற்று கிளம்பிவிடும். ஈ.சி.ஆருக்குக் கிழக்கே குடியிருக்கும் எங்களில் பலர் அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே வீடு பார்த்தோம். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. சுவருக்குச் சுவர் ஏ.சி. இரைகிறது.

காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அதை வீட்டுக்குள் இறக்கத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கடற்காற்றும் ஓய்ந்துவிடும். மேல் மாடியில் ஃபேனைப் போட்டால் தளத்தின் சூடு தலையில் இறங்குகிறது. வீட்டுக் கரண்டைப் பற்றிய பேச்சு இந்தத் தளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது எங்கே நாலு பேர் கூடினாலும் சோலார் பேச்சுதான். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தபின் அது இன்னும் கூடியிருக்கிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் வரை மானியம். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி இருந்தால் போதும். நல்ல திட்டம், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் பேனல் கரண்ட் தருவது பகலில். நாம் அதிகம் இழுப்பது இரவில். பகலில் மிஞ்சியதை மின்வாரியம் கணக்கில் வைத்துக்கொண்டு இரவுச் செலவில் கழித்துக்கொள்வதால் பில் குறைகிறது. ஆனாலும் அந்த இரவுக்கான கரண்டுக்கு யாரோ எங்கேயோ எதையோ எரித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த இடம் தொலைவில் இல்லை. இதே சென்னையின் வடகோடியை ஒட்டி, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் நிற்கின்றன. அங்கே எரியும் நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் போய்ப் படிந்ததைப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் கொண்டுபோய்ப் போராடியவர்கள் அங்கத்திய மீனவர்கள். நம் குப்பத்தில் வலை உலர்த்துகிறவர்களைப் போலவே அவர்களும் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான். தென்சென்னையில் இரவில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டிலும் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் ‘எவ்வளவு உற்பத்தி செய்யலாம்?’ என்பதற்கு முன்னால் ‘எவ்வளவு குறைக்கலாம்?’ என்று கேட்கச் சொல்கிறேன்.

தளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள் கணக்கில் இடித்துத் தளம் போட்டார்கள். மேலே தட்டோடு. மழைக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு. இன்றைய பல கட்டடங்களில் கான்கிரீட்டுக்கு மேல் சிமென்ட் பூச்சோடு வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வெள்ளை அடித்தாலே வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் சில வருடம் தாங்கும். வெள்ளை டைல்ஸ் பதித்தால் நெடுநாள் கவலையில்லை. எதைச் செய்தாலும் பலன் அன்று இரவே தெரியும்.

அடுத்தது ஃபேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நாலு ஃபேனுக்கு ஏறக்குறைய 130. அரசு தரும் இலவச 100 யூனிட்டைவிட இது அதிகம்!

நம் ஊர்க் கட்டண முறையில் இந்த 130 யூனிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு விகிதம், அதைத் தாண்டினால் வேறு விகிதம். அந்த வேறு விகிதம் 101ஆவது யூனிட்டிலிருந்தே பிடித்துக்கொள்ளும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் 2,093 ரூபாய்க்கு மேல். அந்த ஒற்றை யூனிட்டின் விலை ஏறக்குறைய 290 ரூபாய்! 600 யூனிட் செலவழிக்கிற வீடு 2,940 ரூபாய் கட்டுகிறது. நாலு ஃபேனை மாற்றி 470க்கு இறங்கினால் 1,616 ரூபாய்தான். ஒன்றரை வருடத்துக்குள் ஃபேன் வாங்கிய காசு திரும்பி வந்துவிடும். ஏ.சி.யை 20இல் வைக்காமல் 25இல் வைத்து, கூடவே ஃபேனை ஓட விட்டால் இன்னும் குறையும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

இவ்வளவும் செய்த பிறகு பேனலுக்கு வருவோம். அப்போது ஐந்து கிலோவாட் கேட்ட வீட்டுக்கு மூன்றே போதும் என்று ஆகிவிடும். பேனல் விழுத்தும் நிழலில் தளமும் கொஞ்சம் ஆறும். ஆனால் கடலோரத்தில் பேனல் போடுவதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. பக்கத்துத் தெரு மாடியில் பேனல் துடைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடியின் மேல் விரலை இழுத்தால் பிசுபிசுப்பாகக் கோடு விழுந்தது. “உப்புக் காத்து மேடம். தண்ணி விட்டுக் கழுவலேன்னா கரண்ட் இறங்கிடும்” என்றார். பிறகு சட்டத்தின் அடியில் ஒரு போல்ட்டைத் தொட்டார். துரு செதில் செதிலாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. “சட்டம் நல்லாத்தான் இருக்கு. சாதா போல்ட்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எஸ்.எஸ். போல்ட் கேட்டு வாங்கணும்.”

அந்த போல்ட்டைச் சில்லறை விஷயம் என்று நினைக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்தக் கரையில் மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்கள் நாம். துருப்பிடித்த போல்ட்டில் நிற்கும் பேனல் அப்படியொரு காற்றில் அடுத்த வீட்டு மாடிக்குப் பறக்கும். எனவே விலைப் பட்டியல் வாங்கும்போதே சட்டம் அலுமினியமா, துத்தநாகம் ஏற்றிய இரும்பா, போல்ட் துருப்பிடிக்காத எஃகா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் விளக்கு எரியாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. புயல் நாட்களிலும் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாகச் சேர்க்க வேண்டும், செலவு கூடும்.

பாலவாக்கத்தில் பாதிப் பேருக்கு இதெல்லாம் சொந்தமாக முடிவு செய்கிற காரியமாக இல்லை. எட்டு வீடு உள்ள கட்டடத்தில் மொட்டை மாடி எட்டு வீட்டுக்கும் பொது. கீழ் வீட்டுக்காரருக்குத் தளச் சூடு தெரியாது, வாடகைக்கு இருப்பவருக்கு மாடியில் உரிமை இல்லை, வீட்டுக்காரர் வெளிநாட்டில். அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு தண்ணீர் லாரியோடும் பார்க்கிங்கோடும் முடிந்துவிடுகிறது. டெல்லியில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019லேயே, ஒரே இடத்தில் போட்ட சோலாரின் பலனைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பிரித்துக்கொள்ள விதி வகுத்தது. சென்னையிலும் எந்தச் சின்ன ஃபிளாட்டுக்கும் அந்த வசதி அலைச்சலில்லாமல் கிடைக்க வேண்டும். இந்த நகரத்தில் எத்தனையோ மாடிகள் பொது மாடிகள். அவற்றை விட்டுவிட்டுச் சூரிய சக்தி பேசுவதில் அர்த்தமில்லை.

அதுவரை கையில் இருப்பதைச் செய்யலாம். மோட்டார், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் எல்லாம் பொது மீட்டரில் ஓடுகின்றன. அதற்குக் குடியிருப்போர் சங்கமே பேனல் போட்டுக்கொள்ள, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அதே மத்தியத் திட்டத்தில் இருக்கிறது. மோட்டாரை இரவில் ஓட்டாமல் பகல் பதினோரு மணிக்கு ஓட்டினால் அந்தத் தண்ணீர் நேரே சூரியனால் ஏறுகிற தண்ணீர். மாடிக்கு வெள்ளை அடிக்கும் செலவை எட்டாகப் பிரித்தால் யாருக்கும் பாரமில்லை. அதில் கீழ் வீட்டுக்காரரும் பங்கு போட வேண்டும், ஏனென்றால் மாடி அவருடையதும்தான்.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக மொட்டை மாடியை எழுதிப் போடுங்கள். வெள்ளை அடிப்பதைக் கோடைக்கு முன்னால் முடியுங்கள். பொது மீட்டரின் கடைசி ஆறு பில்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, எத்தனை கிலோவாட் வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போடுங்கள். எதிர்ப்புச் சொல்கிறவர் ஒருவராவது இருப்பார். அவரை மேல் மாடி வீட்டுக்கு ஒரு இரவு சாப்பிட அழையுங்கள்.