ஆறடிப் பாதை

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஏரி. ஏரிக்கரை மேல் ஆறடி அகலத்தில் ஒரு பாதை. காலையில் பெரியவர்கள் அதில் வாக்கிங் போவார்கள். அதே நேரத்தில் எங்களைப் போன்ற ஆபீஸ் கோஷ்டி அதிலேயே பைக்கில் ஸ்டேஷனுக்குப் பறக்கும். மெயின் ரோட்டில் சுற்றிப் போனால் கால் மணி நேரம் கூடுதல்; 8.07 போய்விடும். அடுத்த வண்டியில் போய் இறங்கினால் மேனேஜர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் நம்மைப் பார்ப்பார். அனுபவஸ்தர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம்.

ஒரு நாள் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் இரும்புக் கம்பம் முளைத்திருந்தது. ஆள் நுழையலாம், பைக் நுழையாது. நட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். முதல் பத்து நிமிஷம் பாதையைப் பற்றித்தான் பேசினோம். சத்தியமாக! அப்புறம் ஒருவர், "வாடகைக்கு இருக்கிறவங்க எல்லாம் இதுல பேச வேண்டாம்" என்றார். அதோடு பாதை காணாமல் போய்விட்டது. யார் வீட்டு சாக்கடை, யார் வீட்டு நாய், போன வருஷம் யார் சந்தா கொடுக்கவில்லை என்று கிளம்பிவிட்டார்கள்.

ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் எழுந்து 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தை எடுத்து விட்டார். பத்திரங்களில் 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று எழுதுவார்களே, அந்த சமாச்சாரம். 20 வருஷம் தடையில்லாமல் போய் வந்திருந்தால் வழிக்கு உரிமை கேட்கலாம். அரசாங்க நிலம் என்றால் 30. "ஆனா ஒண்ணு, சமாதானமா போய் வந்திருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு..." என்று அவர் முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்தது.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? கோடி வீட்டு சாரைப் பார்த்து, "பென்ஷன் வாங்கிட்டு காத்து வாங்கப் போறவங்களுக்கு 8.07 அருமை எங்கே தெரியும்?" என்றேன். எங்கள் கோஷ்டி கை தட்டியது. அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கை தட்டல் வீட்டுக்கு வரும் வரைதான் காதில் இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல், எப்போதோ படித்த இங்கிலாந்து விவகாரம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் என்ற மலைமேட்டில், சும்மா நடக்க உரிமை கேட்டுச் சில நூறு பேர் ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. பிரபுக்கள் பறவை வேட்டையாட வைத்திருந்த இடம் அது. காவலர்களோடு கைகலப்பு, ஐந்து பேருக்கு ஜெயில். இப்படிப்பட்ட மேடுகளில் நடக்கலாம் என்று சட்டம் வந்தது 2000-ல்தான். 2002-ல், 70-ம் வருஷ விழாவில், அன்றைய டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தன் தாத்தா செய்தது பெரிய தப்பு என்று மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. பால் வாங்கும் கடையில் தினம் அவரைப் பார்த்தாக வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. வலது கையில் மாவுக்கட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"கரை மேல ஒரு பைக் இடிச்சிடுச்சு தம்பி. உள்ளே வாங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரிடம், "சார், நேத்து இதைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா எந்தப் பையன்னு கேட்பீங்க. அப்புறம் பாதையை விட்டுட்டு அந்தப் பையனைப் பிடிச்சுக்குவீங்க. அவனும் வேலைக்குத்தானே ஓடறான்?"

எந்தப் பையன் என்ற கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. மென்று முழுங்கிவிட்டு, "நேத்து நான் பேசினது தப்பு சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு பேப்பரை எடுத்து ஏரிக்கரையை வரைய ஆரம்பித்தார். ஏழரை மணி வரை நடப்பவர்களுக்கு மட்டும். அதற்கப்புறம் கம்பத்தைக் கழற்றிவிடுவது. வளைவு வரைக்கும் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் இதை ஒத்துக்கொண்டார்கள், ஒரு நாற்காலிகூடக் கவிழாமல்.

திங்கட்கிழமை வளைவு வரை தள்ளிக்கொண்டு போனதில் 8.07 போய்விட்டது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.